அச்சகம் வைத்த கதைஞர்: பிரேம்சந்தின் திருத்தங்களும் வெளியீட்டு முயற்சிகளும்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்திய மொழிகளில் தோன்றிய புனைகதைகளைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கதைப்பொருள், பாத்திரப் படைப்பு, சமூகப் பின்னணி என்னும் மூன்றையே சுற்றி அமைகின்றன. ஒரு நாவல் அச்சேறுவதற்கு முன்னும் பின்னும் எத்தனை முறை திருத்தப்பட்டது, அதை வெளியிடும் செலவை ஏற்றவர் யார், படிப்போரிடம் அதைக் கொண்டு சேர்த்தவர் யார் என்னும் வினாக்கள் நூற்பட்டியல் தொகுப்போருக்கு உரியவை என விடப்பட்டுவிட்டன. ஆயினும் தம் எழுத்தைத் தாமே திருத்தி, தாமே அச்சிட்டு, தாமே இதழ் நடத்திப் பரப்ப முயன்ற எழுத்தாளர்கள் பலர் உளர். அத்தகையோரின் படைப்பை அச்சுத்தொழிலின் வரவு செலவிலிருந்து பிரித்துப் பார்த்தல் இயலாது.

இக்கருத்தை விளக்க இந்தி, உருது ஆகிய இரு மொழிகளிலும் எழுதிய பிரேம்சந்த் (1880–1936) மிகப் பொருத்தமான சான்றாவார். தமிழ் வாசகர் அவரைக் ‘கோதான்’ நாவலின் ஆசிரியராக அறிவர். ‘சேவாசதன்’ நாவலைத் தழுவி 1938இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘சேவாசதனம்’ திரைப்படத்தின் வாயிலாகவும் சிலர் அறிவர். 1923 முதல் இறக்கும்வரை அவர் அச்சக உரிமையாளராகவும் இருந்தார் என்பது அத்துணை அறியப்படவில்லை. எழுத்தாளருக்கு விடுதலை தரும் என்று நம்பி அவர் அமைத்த அச்சகம் அவரிடமிருந்து எதைப் பெற்றுக்கொண்டது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

எரிக்கப்பட்ட நூலும் மாறிய பெயரும்

காசியை அடுத்த லமஹி சிற்றூரில் பிறந்த தன்பத் ராய், ‘நவாப் ராய்’ என்னும் புனைபெயரில் உருதுவில் எழுதத் தொடங்கினார். அவருடைய ‘சோஜே வதன்’ என்னும் சிறுகதைத் தொகுதி 1908இல் வெளிவந்தது. ஐந்து கதைகள் கொண்ட அந்நூலில் நாட்டுப்பற்று மிக்கிருப்பதாகக் கருதிய அரசு, அப்போது ஹமீர்பூர் மாவட்டத்தில் பள்ளித் துணை ஆய்வாளராகப் பணியாற்றிய அவரை விசாரணைக்கு அழைத்தது. விற்பனையாகாது எஞ்சியிருந்த படிகள் எரிக்கப்பட்டன. இனி எதை எழுதினாலும் முன்கூட்டியே மேலதிகாரியிடம் காட்டி ஒப்புதல் பெறவேண்டும் என்ற கட்டளையும் பிறந்தது.

கான்பூரிலிருந்து வெளிவந்த ‘ஜமானா’ இதழின் ஆசிரியர் தயா நாராயண் நிகம் இந்நிலையில் துணைநின்றார். ‘பிரேம்சந்த்’ என்னும் பெயரை வழங்கியவர் அவரே. 1910 டிசம்பர் ஜமானாவில் வெளிவந்த ‘படே கர் கீ பேட்டி’ என்னும் கதை அப்பெயரைத் தாங்கி வந்த முதற்கதையாகும். எழுத்தாளரின் பெயர் என்பது விளம்பரத்தின் முதற்கருவி. ஏழாண்டுக் காலம் ஈட்டிய பெயரை ஒரே நாளில் கைவிட்டு அறிமுகமில்லாத பெயரொன்றில் மீண்டும் தொடங்கவேண்டிய நிலை அவருக்கு நேர்ந்தது. அரசுப் பணி ஊதியம் தந்தது. அதுவே எழுத்துக்குத் தளையாகவும் ஆயிற்று. பின்னாளில் அவர் தமக்கென ஓர் அச்சகம் வேண்டுமென விரும்பியதற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணமாயிருந்திருக்கலாம் என ஊகிக்க இடமுண்டு.

இரு எழுத்துகள், இரு சந்தைகள்

1915ஆம் ஆண்டளவில் பிரேம்சந்த் இந்திக்குத் திரும்பினார். உருதுவில் எழுதி இனிக் காலம் தள்ள இயலாது, இந்தியில் பழகி வருகிறேன் என்னும் பொருள்பட அவ்வாண்டில் நிகமுக்குக் கடிதம் எழுதினார். இம்மாற்றத்தை மொழிப்பற்றின் அடிப்படையிலோ சமயச் சார்பின் அடிப்படையிலோ விளக்க முனைவோர் உளர். அவர் தம் கடிதங்களை நோக்கின், வெளியீட்டாளர் கிடைக்காமையும் கைப்பொருள் இன்மையுமே முன்னிற்கின்றன. ‘பாஜாரே ஹுஸ்ன்’ என உருதுவில் எழுதிய நாவலின் வரலாறு இதற்குத் தெளிவான சான்றாகும். உருதுவில் முதலில் எழுதப்பெற்ற அந்நாவல் ‘சேவாசதன்’ என்னும் பெயரில் இந்தியில்தான் முதலில் அச்சேறியது. கல்கத்தாவைச் சேர்ந்த இந்தி வெளியீட்டாளர் அதற்கு 450 ரூபாய் கொடுத்தார். மூலமாகிய உருது வடிவம் லாகூரிலிருந்து 1924இல்தான் வெளிவந்தது. அதற்குக் கிடைத்தது 250 ரூபாய். மொழிபெயர்ப்பு முந்தி, மூலம் பிந்தியது. விலையும் அவ்வாறே அமைந்தது.

இதன் பின்னர் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அவருடைய வழக்கம் ஒரே வகையாக இருந்தது. நாவலை உருதுவில் வரைவார்; பின்னர் அதனை இந்தியில் எழுதுவார்; இந்தி முதலில் அச்சாகும். ‘பிரேமாஸ்ரம்’ (1922), ‘ரங்கபூமி’ (1925) ஆகிய பெருநாவல்கள் இம்முறையில் உருவானவை. ‘காயாகல்ப்’ (1926) நாவலே நேரடியாக இந்தியில் எழுதப்பெற்ற முதல் நாவலாகும். கதைப்போக்கை ஆங்கிலத்தில் குறிப்பாக எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கமும் அவருக்கு இருந்தது. ஆகவே, ஒரு நாவல் ஆங்கிலக் குறிப்பு, உருது வரைவு, இந்தி வடிவம் என மூன்று மொழிகளைக் கடந்து வந்தது.

இங்கு ஒன்றை வற்புறுத்தவேண்டும். இரண்டாம் வடிவம் என்பது பாரசீக, அரபுச் சொற்களை நீக்கி அவ்விடத்தில் வடசொற்களை அமைக்கும் வேலை மட்டுமன்று. வாக்கியத்தின் நீளமும் உவமையும் கதைசொல்லியின் கருத்துரையும் மாறுகின்றன. சில இடங்களில் நிகழ்ச்சிகளே மாறுகின்றன. சதுரங்க ஆட்டக்காரர் இருவரைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற சிறுகதை 1924இல் இந்தியிலும் உருதுவிலும் வெளிவந்தது. ஒன்று மற்றதன் சொல்லுக்குச் சொல்லான பெயர்ப்பு அன்று என்பதை இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்போர் உடனே உணர்வர். இறுதிக்காலக் கதையாகிய ‘கஃபன்’ இவ்வரிசையை மீண்டும் தலைகீழாக்கியது. 1935 டிசம்பரில் ‘ஜாமியா’ இதழில் உருதுவிலும், 1936இல் ‘சாந்த்’ இதழில் இந்தியிலும் அது வெளிவந்தது. அவருக்குத் திருத்தம் என்பது எழுதி முடித்த பின் செய்யும் மெருகு வேலையன்று. மற்றொரு வாசகர் கூட்டத்தை நோக்கி மறுபடியும் எழுதுதல் என்றே கொள்ளத்தக்கது.

ஒரு கதை, மும்முறை

அவருடைய திருத்தங்களுள் மிக விரிவானது தொடக்ககால நாவலொன்றைப் பற்றியது. ‘ஹம்குர்மா ஓ ஹம்சவாப்’ என உருதுவில் எழுதப்பெற்ற அந்நாவல், 1907இல் ‘பிரேமா’ என்னும் பெயரில் இந்தியில் வெளிவந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 1927இல், அதே கதையை ‘பிரதிக்ஞா’ என்னும் பெயரில் முற்றிலும் புதிதாக எழுதினார்.

இரண்டிலும் பாத்திரங்கள் ஒரே பெயருடையோர். அம்ருத் ராய் சீர்திருத்த எண்ணங் கொண்ட இளைஞர். அவருக்கும் பிரேமாவுக்கும் நிகழவிருந்த மணம் அவருடைய கொள்கையால் தடைப்படுகிறது. பிரேமா அவருடைய நண்பர் தான்நாத்தை மணக்கிறாள். பூர்ணா என்னும் இளம்பெண் கணவனை இழந்து ஆதரவற்று நிற்கிறாள். இவ்வளவும் பொது. ‘பிரேமா’வில் அம்ருத் ராய் ஊரார் எதிர்ப்பைப் பொருட்படுத்தாது பூர்ணாவை மணக்கிறார். பின்னர்ப் பொறாமையால் அவரைக் கொல்லவந்த தான்நாத்தும் பூர்ணாவும் இறந்துபட, கைம்பெண்ணாகிய பிரேமாவை அவர் மணப்பதாகக் கதை முடிகிறது. ஒரே நாவலில் இரண்டு கைம்பெண் மறுமணங்கள்! கொலையும் துப்பாக்கியும் இக்கதைக்கு ஏன் வேண்டியிருந்தன என்பது வெளிப்படை. கொள்கைப்படி ஒரு திருமணமும் காதல்படி ஒரு திருமணமும் நடத்திவைக்க ஆசிரியருக்கு வேறு வழியில்லை.

‘பிரதிக்ஞா’வில் இந்த நாடகத்தன்மை பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. அம்ருத் ராய் எவரையும் மணப்பதில்லை. ஆதரவற்ற பெண்களுக்கென ஓர் இல்லம் நிறுவுகிறார். பூர்ணா தன்னை அடைய முயலும் கமலா பிரசாத்தைத் தாக்கித் தப்பி, அவ்வில்லத்தில் அடைக்கலம் பெறுகிறாள். பொறாமை கொண்ட தான்நாத் இங்குக் கொலைகாரர் அல்லர். தாழ்வுணர்ச்சியால் நண்பரை இகழ்ந்து பேசித் திரியும் சாதாரண மனிதர். அவருக்கும் பிரேமாவுக்கும் இடையே உள்ள இல்லற வாழ்வு நுட்பமாகக் காட்டப்படுகிறது. பூர்ணா கமலா பிரசாத்தின் சொற்களுக்குச் சிறிது சிறிதாக இடங்கொடுக்கும் மனநிலையும் அவ்வாறே. இருபதாண்டு எழுத்துப் பயிற்சியின் விளைவை இப்பகுதிகளில் காணலாம்.

ஆயினும் இத்திருத்தம் முழுமையும் வளர்ச்சி என்று சொல்லத் தயக்கம் உண்டாகிறது. முதல் வடிவம் எழுதப்பெற்ற காலத்தை ஒட்டியே பிரேம்சந்த், இளவயதில் கணவனை இழந்த சிவராணி தேவியைத் தாமே மணந்தார். அந்நாளைய நாவலில் கைம்பெண்ணுக்கு வாழ்வு கிடைத்தது. பிந்திய நாவலில் அவளுக்கு இல்லம் கிடைத்தது. கட்டுக்கோப்பு உயர்ந்த அளவுக்குத் துணிவு குறைந்துவிட்டது. ‘பிரதிக்ஞா’ பெண்களுக்கென நடத்தப்பெற்ற ‘சாந்த்’ இதழில் 1927இல் தொடராக வந்தது என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். அதற்கு முன்னரே ‘நிர்மலா’ தொடரின் வாயிலாக அவ்விதழின் வாசகியர் அவருக்கு அறிமுகமாயிருந்தனர். தொடர்கதை எழுதுவோர் வாசகர் முகத்தைப் பார்த்தே எழுதுகின்றனர். இம்மாற்றத்திற்கு ஆசிரியரின் கருத்து மாற்றம் எவ்வளவு, இதழின் தன்மை எவ்வளவு எனப் பிரித்தறிதல் எளிதன்று. எனினும் இரண்டிற்கும் பங்குண்டு என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

சரஸ்வதி அச்சகம்

1921 பிப்ரவரியில் கோரக்பூரில் காந்தியடிகளின் உரையைக் கேட்ட பிரேம்சந்த், சில நாள்களில் அரசுப் பணியைத் துறந்தார். ஏறத்தாழ இருபதாண்டு ஊதியம் நின்றது. கதை ஊதியத்தைக் கொண்டு குடும்பம் நடத்துதல் இயலாதென்பதை அவர் அறிவார். பதிப்பாளரின் இலாபத்தைத் தாமே பெறவேண்டுமென எண்ணி, 1923இல் காசியில் பங்காளிகள் சிலருடன் சரஸ்வதி அச்சகத்தைத் தொடங்கினார்.

ஏறத்தாழ இதே காலத்தில் சென்னையில் அ. மாதவையா இதனைப் பெரிதும் ஒத்த முயற்சியில் ஈடுபட்டிருந்தார். உப்பு இலாகாவில் பணியாற்றிய அவரும் உரிய காலத்திற்கு முன்னரே ஓய்வு பெற்று, அச்சகம் அமைத்து, 1924இல் ‘பஞ்சாமிர்தம்’ இதழைத் தொடங்கினார். 1892இல் ‘விவேகசிந்தாமணி’யில் ‘சாவித்திரி சரித்திரம்’ எனத் தொடங்கி இடையில் நின்ற கதையை 1903இல் ‘முத்துமீனாட்சி’யாக நிறைவுசெய்தவர் அவர். ஆங்கிலத்தில் தாம் எழுதிய குசிகர் கதைகளைத் தாமே தமிழில் எழுதினார். ஒருவரை ஒருவர் அறிந்திருந்ததாகத் தெரியாத இருவர், மறுபடி எழுதுதல், இருமொழியில் எழுதுதல், பணிதுறத்தல், அச்சகம் அமைத்தல், இதழ் நடத்தல் என ஐந்திலும் ஒத்திருப்பது தற்செயல் எனத் தோன்றவில்லை. மாதவையா 1925 அக்டோபரில் காலமானமையால் அம்முயற்சியின் பயனை அவர் காணவில்லை. பிரேம்சந்த் பதின்மூன்று ஆண்டுகள் கண்டார்.

அக்காலச் சிறு அச்சகத்தின் இயல்பை அறியாதார்க்கு அவருடைய இடர்ப்பாடு விளங்காது. ஈயவெழுத்துகளை முதலில் விலைகொடுத்து வாங்கவேண்டும். தேயத் தேய மாற்றவும் வேண்டும். உயிர்மெய்க் குறிகளும் கூட்டெழுத்துகளும் மிகுந்த நாகரி எழுத்துக்குப் பெட்டியின் அறைகளும் மிகுதி; அதற்கேற்பத் தேர்ந்த அச்சுக்கோப்போர் தேவை. தாளுக்கு முன்பணம், தொழிலாளர்க்கு மாதந்தோறும் கூலி. நூல் விற்ற பணமோ விற்பனையாளர் கழிவு போகப் பல மாதங்கள் கழித்து வரும். சில நேரங்களில் வாராமலும் போகும். வெளிவேலை கிடைக்காத நாள்களிலும் கூலி ஓடும். ஆகவே பொறியை ஓட்டுவதற்காகவே நூல்கள் அச்சிடவேண்டிய நிலை தோன்றியது. எழுத்துக்காக அச்சகம் என்பது மாறி, அச்சகத்துக்காக எழுத்து என்றாயிற்று.

இழப்பை ஈடுசெய்ய அவர் பிறரிடம் ஊதியத்திற்குச் செல்லவேண்டியிருந்தது. லக்னோவில் ‘மாதுரி’ இதழின் ஆசிரியப் பணியை ஏற்றதும் இவ்வாறே. தமக்கென அச்சகம் வைத்திருந்த ஒருவர், அதைக் காப்பாற்ற வேறொரு நிறுவனத்தில் வேலை பார்த்தார். 1930 மார்ச்சில் ‘ஹம்ஸ்’ என்னும் மாத இதழையும் தொடங்கினார். அவ்வாண்டே அச்சகங்கள் மீதான அவசரச் சட்டத்தின்கீழ் ஈட்டுத் தொகை கேட்கப்பட்டு இதழ் சில காலம் நின்றது. 1932இல் ‘ஜாகரண்’ என்னும் வார இதழையும் ஏற்று நடத்தினார். ஏற்கெனவே இழப்பில் நடக்கும் அச்சகத்தின் மீது இரண்டு இதழ்களைச் சுமத்தியது அறிவுடைமையாகாது என அக்காலத்திலேயே நண்பர் சிலருக்குத் தோன்றியிருக்கக்கூடும். இன்று நமக்கும் அவ்வாறே தோன்றுகிறது.

தன்விளம்பரம் என்னும் குற்றச்சாட்டு

இதழ் நடத்துதல் எழுத்தைப் பரப்பும் வழி என்பதில் ஐயமில்லை. ஆனால் பரப்புதலுக்கு மறுபுறம் ஒன்றுண்டு. 1926இல் அவத் உபாத்யாய் என்பவர் ‘சரஸ்வதி’ இதழில் எழுதிய கட்டுரைகளில், ‘ரங்கபூமி’ ஆங்கில நாவலாசிரியர் தாக்கரேயின் நாவலொன்றைத் தழுவியது எனக் குற்றஞ்சாட்டினார். பிரேம்சந்த் அதனை மறுத்தார். நூலின் பெயர் இவ்வழக்கால் பலர் செவிக்கும் சென்றது என்பது வேறு செய்தி.

1932இல் ‘ஹம்ஸ்’ இதழின் தன்வரலாற்றுச் சிறப்பிதழை அவர் வெளியிட்டபோது எழுந்த வாதம் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. எழுத்தாளர்கள் தத்தம் வாழ்க்கையைத் தாமே எழுதவேண்டுமென அவர் அழைத்தார். திறனாய்வாளர் நந்த துலாரே வாஜ்பேயி இதனைத் தன்விளம்பரம் எனக் கண்டித்தார். இந்தியில் எழுத்தாளர் தம்மைப் பற்றிப் பேசுவது அடக்கமின்மையாகக் கருதப்பட்ட காலம் அது. பிரேம்சந்த் பின்வாங்காமல் விடையிறுத்தார். தம் வறுமையையும் படிப்பிற்குப் பட்ட பாட்டையும் ‘ஜீவன்சார்’ என்னும் கட்டுரையாக அதே இதழில் எழுதினார். அக்கட்டுரையில் தற்பெருமை இல்லை. சோஜே வதன் எரிக்கப்பட்ட செய்தியை நாம் விரிவாக அறிவது அவருடைய இத்தகைய நினைவுக் குறிப்புகளால்தான். விளம்பரம் என்று இகழப்பட்ட ஒன்று இன்று வரலாற்றுச் சான்றாக நிற்கிறது. வாஜ்பேயியின் ஐயம் முற்றிலும் அடிப்படையற்றது எனவும் சொல்வதற்கில்லை. இதழும் அச்சகமும் உடைய எழுத்தாளர் தம் குரலைத் தாமே உயர்த்திக்கொள்ளும் வாய்ப்பைப் பெறுகிறார், அவ்வாய்ப்பு இல்லாதாரைவிட அவர் உரக்கக் கேட்கப்படுகிறார்.

பம்பாயும் வேலைநிறுத்தமும்

கடன் பெருகவே, 1934இல் பிரேம்சந்த் பம்பாய்க்குச் சென்றார். அஜந்தா சினிடோன் என்னும் திரைப்பட நிறுவனம் ஆண்டுக்கு 8,000 ரூபாய் தருவதாக ஒப்பந்தம் செய்திருந்தது. அச்சகத்தை மீட்க இதுவே வழி என அவர் கருதினார். அங்கு அவர் எழுதிய கதை மோகன் பவ்னானியின் இயக்கத்தில் ‘மஜ்தூர்’ என்னும் படமாயிற்று. ஆலைத் தொழிலாளரின் துயரத்தைக் கூறும் அப்படத்தில் தொழிலாளர் தலைவராக ஒரு சிறு வேடத்தில் அவர் தோன்றவும் செய்தார். தணிக்கையாளர் அதனைப் பம்பாயில் திரையிட இசையவில்லை.

அதே காலப்பகுதியில் காசியில் சரஸ்வதி அச்சகத் தொழிலாளர், கூலி நிலுவை கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அப்படமே அவர்களைத் தூண்டியது என்றும் கூறுவர். அது உண்மையாயினும் அன்றாயினும், தூண்டுதல் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்காது. வாராத கூலியே போதுமானது. உழைப்பாளரின் பக்கம் நின்று எழுதிய ஒருவர் தம் உழைப்பாளர்க்குக் கூலி கொடுக்க இயலாத முதலாளியாக நின்றார். வாழ்க்கை வரலாற்று நூல்களிற் பல இதனை ஒரு வேடிக்கையான முரணாகக் குறித்துவிட்டுக் கடந்து செல்கின்றன. அவ்வாறு கடத்தல் தகாது. எழுத்தாளரின் தன்னுரிமை என்று நாம் போற்றுவதன் விலையில் ஒரு பகுதியை, பெயர் தெரியாத அச்சுக்கோப்போர் செலுத்தியிருக்கின்றனர். ‘கர்மபூமி’யையும் ‘ஹம்ஸ்’ பக்கங்களையும் கோத்த கைகள் அவை. பிரேம்சந்த் இதனை உணராதவர் அல்லர். அச்சகத்தை மூடிவிடலாமா என்னும் எண்ணம் அவர்பால் பலமுறை தோன்றியிருக்கிறது. மூடினால் அவர்கள் வேலை இழப்பர். நடத்தினால் கூலி நிலுவை வளரும்.

‘ஜாகரண்’ நின்றது. பம்பாயின் திரைத்தொழிலும் அவருக்கு ஒவ்வவில்லை. ஒப்பந்த ஆண்டு நிறைவுறுமுன்னரே, 1935 ஏப்ரலில், அவர் அங்கிருந்து புறப்பட்டார்.

இறுதி ஆண்டு

1935 அக்டோபரில் ‘ஹம்ஸ்’ பாரதிய சாகித்ய பரிஷத்தின் இதழாக மாறியது; கே. எம். முன்ஷியும் பிரேம்சந்தும் ஆசிரியராயினர். பல இந்திய மொழிகளின் எழுத்துகளை இந்தி வாயிலாக ஒரே இதழில் தருவது அதன் நோக்கம். 1936இல் அரசு மீண்டும் ஈட்டுத் தொகை கேட்டபோது, பரிஷத் இதழை நிறுத்திவிடுவதே தக்கதெனக் கருதியது. நோய்ப்படுக்கையில் இருந்த பிரேம்சந்த் அதற்கு இசையவில்லை. தொகையைத் தாமே கட்டி, இதழை மீண்டும் தம் பொறுப்பில் பெற்றார். வணிக நோக்கில் இம்முடிவுக்கு எவ்வகைக் காரணமும் காட்ட இயலாது.

அவ்வாண்டிலேயே ‘கோதான்’ வெளிவந்தது. கடன்பட்ட உழவனின் கதையாகிய அந்நாவலில் வட்டிக்கணக்குகள் பக்கந்தோறும் வருகின்றன. அவற்றை எழுதியவர் தாமும் ஆண்டுக்கணக்கில் கடன் ஏட்டைப் புரட்டியவர் என்பதை எண்ணிப் படிக்கும்போது, ஹோரியின் கணக்குகள் கேள்வியறிவால் மட்டும் வந்தவை எனத் தோன்றவில்லை.

‘கோதானு’க்குப் பின் அவர் தொடங்கிய நாவல் ‘மங்கல்சூத்ர’. வாழ்நாள் முழுதும் எழுதிப் பெயர் பெற்று, பொருள் ஈட்டாத தேவகுமார் என்னும் எழுத்தாளரே அதன் தலைவர். முன்னொரு காலத்தில் தந்தை விற்றுவிட்ட சொத்தை மீட்க, அவர் அப்போது சித்தம் கலங்கியிருந்தார் என நிறுவிவிடலாமென மகன் வழிதேடுகிறான். 1936 அக்டோபர் 8ஆம் நாள் பிரேம்சந்த் இறந்தபோது சில அதிகாரங்களே எழுதப்பட்டிருந்தன. உருது வடிவமோ மறுவரைவோ பெறாத அவ்வதிகாரங்கள் அவர் எழுதி நிறுத்திய நிலையிலேயே பின்னர் அச்சாயின.